முன்னால் நடந்த லௌடன்

நேபாளத்தின் சுக்லாபாண்டா புல்வெளிக்குள் வழிகாட்டிகள் இருவராகத்தான் போவார்கள். ஆளை மறைக்கும் புல்லில் கண்ணுக்கு வேலை குறைவு. முன்னால் போகிறவர் காதை நம்பி நடக்க வேண்டும். பின்னால் வருபவர் விருந்தினரைப் பார்த்துக்கொள்வார். லௌடன் சௌத்ரி கல்யாணத்துக்கு முன்பிருந்தே முன்னால் நடந்தவர்.

போன மழைக்காலத்தில் அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. தெரிந்தால் அந்த இடம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் வருகிற புதனி, அவர் மனைவியின் தங்கை. அவளிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் காட்மாண்டுத் தம்பதி ஒரு ஜோடி வரகுக்கோழி என்ற அரிய பறவையைப் பார்க்க வந்தார்கள். புல்லை எரித்த இடத்தில் புதுத்தளிர் வந்திருந்தது. அதன் சேவல் காலையில் பெட்டையை அழைக்க அங்கேதான் எழும்பிக் குதிக்கும். அங்கே போக, ஓடையோரம் எரியாமல் நின்ற உயரப் புல்லைக் கடக்க வேண்டும்.

"மச்சான், நேத்து அக்கா நத்தைக் குழம்பு வச்சாளாமே? எனக்கு ஒரு கிண்ணம் வரல," என்றாள் புதனி பின்னாலிருந்து.

லௌடன் புல்லுக்குள் நுழைந்தார்.

பாதி வழியில் இடப்பக்கம் காண்டாமிருகம் மூச்சைச் சீறி விட்டது. லௌடன் நடந்துகொண்டே இருந்தார். புதனி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். விலங்கு பாதைக்கு வந்துவிட்டது. லௌடன் தொப்பியைக் கழற்றித் தூர வீசினார். அது தொப்பியை மோந்து, மிதித்து, ஓடைப்பக்கம் இறங்கிப் போனது. பிறகு கடைத்தெருவில் மூன்று காண்டாமிருகங்கள் என்று சொன்னார்கள், அது தவறு. ஒன்றுதான், கன்றும் இல்லை.

"உங்க தொப்பிதாங்க எங்களைக் காப்பாத்துச்சு," என்றார் காட்மாண்டுக்காரர்.

"எங்க மச்சான்னா சும்மாவா?" என்று புதனி கொண்டையை முடிந்துகொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். லௌடன் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"நீ முன்னால போ, புதனி."

"ஏன், பயமா?"

"இடது காது கேக்கல. மழையிலயே போச்சு."

"தெரியும். அதான் இத்தன நாளா உங்க இடப்பக்கமே ஒட்டி வரேன்."

"உங்கக்காவுக்கு?"

"கத்திக் கத்தி அவ தொண்டையே கட்டிப்போச்சு, அவளுக்குத் தெரியாதா?"

புதனி முன்னால் நடந்தாள். எரித்த வெளியின் ஓரத்தில் நால்வரும் குந்தினார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வலக்கோடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சேவல் புல்லுக்கு மேலே எழும்பியது. முதலில் பார்த்தவர் லௌடன். கைத்தடியால் அவள் முதுகில் தட்டினார்.

"மெதுவா, மச்சான்," என்றாள் புதனி. "உங்க காதுதான் மந்தம், என் முதுகு நல்லாத்தான் இருக்கு."