பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவின் பெயரில் மூன்று மா நிலம் இருந்தது. ஒரு ஏக்கர். மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசியில், எல்லோருக்கும் பாய்ந்தது போக மீதித் தண்ணீர் வந்து சேருகிற இடம். மழை பிடித்துக்கொண்டால் எல்லோர் வயல் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும். தாத்தா இறந்தபின் பாகம் பிரித்தபோது தங்கையன் மாமா அதைத்தான் கொடுத்தார்.

கொடுத்தார் என்று சொல்வது சரியில்லை. அம்மா கேட்டு வாங்கினாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் கேட்பதில்லை. அப்பாவின் கருமாதி முடிந்ததும் கூடப்பிறந்தவன் கூப்பிடுவான். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், என் பங்கு எனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அதன்பிறகு பிறந்த வீட்டுக் கதவு அடைக்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரிசை வரும். கடைசியில் கோடி வரும். இறந்த பெண்ணின் உடல்மேல் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுப்புடவைதான் கோடி. அது விழாமல் உடலைத் தூக்க மாட்டார்கள்.

என் அம்மா நீலாம்பாள் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. தம்பிமேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எங்க கிளம்பிட்டேன்னு உங்கப்பா கேட்டா, 'என் வயலுக்கு'ன்னு சொல்லணும்டி. அவ்வளவுதான்."

பதினொரு வருஷம் அப்படிச் சொன்னாள். பாபநாசம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, நடவுக்கு ஆள் சொல்லி, உரம் வாங்கி, குடையோடு வரப்பில் நின்று, பொழுது சாய்ந்து திரும்புவாள். வழியில் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு ரவா தோசை, ஒரு காபி. "அங்க நான் எவனுக்கும் இலை போட வேணாம். எனக்கு ஒருத்தன் கொண்டாந்து வைப்பான்" என்பாள், அப்பாவின் காதில் விழும்படி. அப்பா பேப்பரைவிட்டு நிமிர மாட்டார். இரண்டு வருஷம் கதிர் வருகிற நேரத்தில் பயிர் மூழ்கி அழுகிப்போனது. அப்போதும் போனாள்.

மாமாவின் வயல் அடுத்த வயல். ஒரே வரப்பின் இரண்டு முனைகளில் அக்காவும் தம்பியும் நிற்பார்கள். பேச்சு கிடையாது. வரிசை நின்றுபோனது. மாமா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. அம்மா அன்றைக்குச் சமைக்காமல் படுத்திருந்தாள். பொங்கலன்று மட்டும் காலையிலிருந்து போனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். நான் எடுத்துப் பேசினால், "சீக்கிரம் வைடி, யாராவது கூப்பிடுவாங்க" என்பாள்.

போனதற்கு முந்தின ஆவணியில் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது தெரிந்தது. தஞ்சாவூரில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மாதம் நான்தான் கூட இருந்தேன். அந்த நான்கு மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று: "வயலை விட்டுடாத. குத்தகைக்காவது விடு, பேரை மாத்திடாத." அதே வாரத்தில் இன்னொன்று: "தங்கையன் கோடியோட வருவானாடி? அவன் பொண்டாட்டிக்குக் கலரே பாக்கத் தெரியாது. காவியா இருந்தாலும் பரவால்ல. அவன் வரணும்."

இரண்டுக்கும் சரி என்றேன்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை இறந்தாள். சிங்கப்பூரிலிருந்து என் தம்பி இனியவன் மறுநாள் காலை வந்து சேர்ந்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு மாமா வந்தார். தட்டில் புடவையும் மாலையும் இருந்தன. பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அப்பாவின் பங்காளி வளவன் சித்தப்பா போய்ப் பேசிவிட்டு வந்து அப்பா பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணே, உங்க மச்சான் ஒரு வார்த்தை கேக்குறாரு. அந்த மூணு மாவ எழுதிக் குடுத்துடறதா நாலு பேர் முன்னால சொல்லணுமாம். சொன்னா உள்ள வந்து கோடி போடுறாராம்."

"பொணத்த வச்சுக்கிட்டா பேரம் பேசுறான்?" என்றாள் அம்மா கிடந்த குளிர்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி.

"நீ வாய மூடு. கோடி விழாம எப்படித் தூக்குறது? உன் வீட்டுலேருந்து கொண்டாறியா?" என்றாள் இன்னொருத்தி.

இனி அந்த நிலத்துக்கு மூன்று கையெழுத்து வேண்டும். அப்பாவுடையது, இனியவனுடையது, என்னுடையது. அப்பா தலையாட்டிவிட்டார். இனியவன் என் தோளைத் தொட்டு, "அந்த வடிகால் நிலத்த வச்சுக்கிட்டு என்னக்கா செய்யப்போறோம்? அம்மாவ நல்லபடியா அனுப்புவோம்" என்றான்.

நான் எழுந்து வெளியே போனேன்.

"உள்ள வாங்க மாமா. வந்து அம்மாவப் பாருங்க."

"பாக்கத்தான் வந்திருக்கேன். நீ சொல்லு."

"இப்ப பேசுற பேச்சா மாமா இது?"

"இப்ப விட்டா நீ பேச மாட்ட. படிச்ச பொண்ணு, சட்டம் பேசுவ." தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருஷம் பக்கத்து வரப்புல நின்னா. டீக்கடையில போய் உக்காந்தா, 'அது உன் அக்காளா, பங்காளியா'ன்னு கேக்குறானுங்க. நான் என்ன சொல்றது?"

"அக்கான்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. உள்ளே வளவன் சித்தப்பா சடங்கு செய்பவரிடம் நேரம் கேட்பது காதில் விழுந்தது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். அம்மா கேட்ட இரண்டில் ஒன்று என் முன்னால் தட்டோடு நின்றது. இன்னொன்றைக் கொடுத்தால்தான் அது உள்ளே வரும். அவளிடம் கேட்டுக்கொள்ள முடியாது.

"சரி மாமா" என்றேன்.

"எல்லாரும் கேக்கச் சொல்லு."

சொன்னேன்.

உள்ளே வந்து பெட்டியின் கண்ணாடியைத் தூக்கச் சொன்னார். புடவையைப் பிரித்துப் போர்த்தினார். கால்வரை இழுத்துவிட்டு, பாதத்தில் முகத்தை வைத்து, "அக்கா, அக்கா" என்று கத்தினார். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. நடித்தார் என்று சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். அவர் நடிக்கவில்லை.

கருமாதி முடிந்த வாரமே பத்திரம் தயாராகிவிட்டது. என்னோடு கல்லூரியில் படித்த ஷமீரா இப்போது வக்கீல். அவளிடம் போனில் கேட்டேன்.

"வாய் வார்த்தைக்கு ஒண்ணும் மதிப்பில்ல. நீ கையெழுத்துப் போடலன்னா யாரும் உன்ன எதுவும் செய்ய முடியாது. போடாத" என்றாள்.

போடாமல் இருந்திருக்கலாம். நான் சென்னைக்குத் திரும்பிவிடுவேன். அந்தத் தெருவில் தனியாக இருக்கப்போகிறவர் அப்பா. பெண்டாட்டி பிணத்தின் முன்னால் கொடுத்த வார்த்தையை மாற்றியவன் என்ற பேரோடு அவர் இருக்க வேண்டும். அதைவிட, வாங்கிக்கொண்ட கோடி அம்மாவோடு எரிந்துபோயிற்று. திருப்பிக் கொடுக்க வழியில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைத்தேன், கேமராவைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பஸ்ஸில் வரும்போது அப்பா, "உங்கம்மா இருந்தா அவளே போட்டுக் குடுத்திருப்பா" என்றார்.

அப்பாவுக்கு அம்மாவைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று யோசித்தேன். பிறகு எனக்கு எவ்வளவு தெரியும் என்று யோசித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டா மாமா பேருக்கு மாறிவிட்டது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு போன் செய்கிறார். சாப்பிட்டாயா, சென்னையில் மழையா, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அம்மாவின் வருஷத் திதி முடிந்து வந்த பொங்கலுக்கு, எனக்கு வரிசை வைக்க அத்தையோடு நேரிலேயே வந்துபோனார். அம்மா பதினொரு வருஷம் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தது இந்தக் குரலுக்காகத்தான். ஒவ்வொரு வாரமும் எடுக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். நாலாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறேன்.

"சொல்லுங்க மாமா" என்கிறேன்.