அம்மாவின் உச்சந்தலையில் ஏழரை

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மேரிசெல்வி பிஹெச் மீட்டரைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. ஊருக்குப் போகும் மரக்காணம் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை.

குயிலாப்பாளையத்தில் ஷாம்பு தயாரிக்கும் சிறு பட்டறையில் அவளுக்கு வேலை. கலவையையும், அதைப் போட்டுப் பார்ப்பவர்களின் தலைத்தோலையும் அளந்து எழுதுவாள். மீட்டரில் எண் ஏழுக்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்; தலைத்தோல் ஐந்து, ஐந்தரையில் இருந்தால் நல்லது. யார் யார் தலையையோ அளந்தவள், உப்பளத்தில் கூடை சுமக்கும் அம்மா சின்னப்பாப்பாவின் தலையை அளந்ததில்லை. சுனாமிக்கு அடுத்த கோடை அது. அம்மாவின் உச்சியில் முடி கொட்டி, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. உப்பு தின்றுவிட்டது என்று அம்மா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள். புண்ணில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரின் தட்டை முனையை வைத்தாள். ஏழரை.

"ஏழரையா? அது சனியாச்சேடி," என்றாள் அம்மா.

"வெளையாடாதம்மா. தலைக்கு இன்னா போட்டுக் குளிக்கிற?"

"துணி சோப்புதான். வேற எதுல இந்தப் பிசுக்கு போவுது?"

சோப்பு நுரையை அளந்தாள். பத்தைத் தாண்டியது. நோயையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல் படபடத்தது. சோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பட்டறை ஷாம்புவைக் கொடுத்தாள்.

திங்களன்று மீட்டரைத் திருப்பி வைக்கும்போது, பட்டறையை நடத்தும் ரேணுகா பார்த்துவிட்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல? வழியில ஒடைஞ்சிருந்தா?"

மேரிசெல்வி மீட்டரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, "இன்னொரு தடவ வேணும்க்கா," என்றாள். ரேணுகாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் கழித்து, கேட்டே எடுத்துப் போனாள். ஐந்து புள்ளி நான்கு. எண் சரியாகிவிட்டது. ஆனால் புண் ஆறவில்லை. பக்கத்தில் இன்னொரு வட்டம் கிளம்பியிருந்தது. மீட்டர்தான் தப்போ என்று தன் தலையில் வைத்தாள், மறுபடி அம்மா தலையில் வைத்தாள். அதே எண்.

"நம்பரு நல்லாதான் இருக்குது. எனக்குதான் அரிக்குது," என்றாள் அம்மா சலிப்பாக.

மறுநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். படர்தாமரை என்றார் டாக்டர். துணி சோப்பு தோலைக் கெடுத்திருக்கும். ஆனால் ஷாம்பு மட்டும் போதாது, மாத்திரை சாப்பிட வேண்டும்.

வெளியே வந்ததும் மேரிசெல்வி அழுதாள். "மூணு வாரத்த வீணாக்கிட்டேன்மா."

"நீ நோண்டிக்கினே இருக்கலன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன். வா, பஸ்ஸு போயிடும்."

மழைக்கு உப்பளம் மூடியபோது உச்சியில் பூனைமயிராக முடி முளைத்திருந்தது. சேதி கேட்டு உப்பளப் பெண்கள் தங்கள் தலையையும் அளக்கச் சொல்லி வந்தார்கள். மேரிசெல்வி முதலில் முடியை விலக்கிக் கண்ணால் பார்த்தாள். புண் இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். சிலர் போனார்கள். அனுமந்தை ஊரிலிருந்து வந்த அம்சவள்ளி மட்டும், நம்பர் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள்.