நுளம்பு உழுத நாள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இயந்திரத்தைப் பற்றி யாராவது சொல்லித்தர வந்தால் என் காது தானாக அடைத்துக்கொள்ளும். மல்லாவிச் சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி லான்ட்மாஸ்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். துணுக்காய்ப் பக்கத்து வயற்காரர்கள் தங்கள் இரண்டு சில்லு உழவு மெசின்களை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தண்ணீர் இறைக்கிற மோட்டர்களும் வரும். "அண்ணை, இது கிளச்சாத்தான் இருக்கும்" என்று யாராவது தொடங்கினால், "அப்ப நீங்களே கழட்டுங்கோவன்" என்று ஸ்பனரை நீட்டிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார்.

என் மனைவி கலியாணத்துக்கு முதல் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வரைபடம் படித்தவள். இப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை. வீட்டில் ஓர் இயந்திரக்காரன் இருக்கிறான் என்பதால் அவள் என்ன படித்தாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை என்பதுதான் வெட்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணாடிக் கூட்டுக்குள் ஆமை அளவில் இரண்டு மெசின்கள் ஒன்றையொன்று முட்டித் தூக்கி எறிந்துகொண்டிருந்தன. வெளியே நின்று ரிமோட்டால் ஓட்டுகிறார்கள். வவுனியாவில் அப்படி ஒரு போட்டி வரப்போகிறதாம். மெசின் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. யாரும் சேரலாம்.

"இஞ்சருங்கோ, நாங்களும் ஒண்டு செய்வமா?"

"உது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டெல்லோ."

"அப்ப நீங்கள் வரவேண்டாம். கடையை மட்டும் தாங்கோ."

கடையைத் தா என்றதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. செய்வோம் என்றேன். அவள் உடனே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எட்டு வருசமா நான் கீறினதெண்டால் படிவத்தில கோடுதான். ஒருக்கா எண்டாலும் நான் கீறின ஒண்டு கீறினபடி ஓடவேணும். நீங்கள் நடுவில பூந்து ஒண்டையும் மாத்தக்கூடாது."

"ஓம்" என்றேன். அந்த நேரம் நான் ஒரு போல்ட்டுக்குச் சுரையை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

முதல் சண்டை பாரத்தைப் பற்றியது. உடம்புக்கு நான் நல்ல தடித்த இரும்புத் தகடு வெட்டினேன், லான்ட்மாஸ்டர் இழுக்கிற, பெட்டி உடைந்த பழைய ரெயிலர் ஒன்றில் இருந்து. பக்கத்துப் பலசரக்குக் கடையில் மிளகாய்த்தூள் நிறுக்கிற தராசில் வைத்தால் வெறும் தகடே இரண்டரைக் கிலோ. கடைக்காரர், "உதுக்குள்ள ஆர் ஏறி இருக்கப்போறது?" என்று கேட்டார். மனைவி சிரிக்கவில்லை.

"இது நெல்லு மூட்டை ஏத்துறதுக்கில்லையப்பா" என்றாள்.

நாங்கள் எதைச் செய்தாலும் நெல்லு மூட்டை ஏறும் என்று நினைத்துத்தான் செய்வோம். கோழிக்கூட்டைக்கூட அப்படித்தான் அடித்திருக்கிறேன். கடைசியில் அவள் கீறியபடி மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, பழைய செருப்பின் அடியை வட்டமாக வெட்டி இரண்டு சில்லும் பூட்டினோம். மோட்டர், பற்றரி, ரிமோட் எல்லாம் கொழும்பிலிருந்து தபாலில் வந்தன. பின்னேரங்களில் அவள் அலுவலகத்தால் வந்து, படம் கீறிய கொப்பியை விரித்து, என் வேலையை மில்லிமீற்றரில் அளந்து, பிழையென்றால் திருப்பித் தருவாள். வேறு யாராவது அப்படித் திருப்பித் தந்திருந்தால் நடந்திருக்கும் கதையே வேறு.

மெசினின் ஆயுதம் முன்பக்கத்து உருளை. கையளவு இரும்பு, அதில் இரண்டு பல். பார்த்த உடனேயே எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் அது அச்சாக ஒரு குட்டி ரொட்டவேற்றர், லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் பூட்டி மண்ணைக் கிளறுவோமே, அது. ஆனால் அவள் படத்தில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். முன்பக்கத்துப் பல் கீழிருந்து மேலே வருகிறதாம்.

"உலகத்தில எந்த ரொட்டவேற்றர் மேல பாத்துச் சுத்துது?" என்றேன்.

"இது உழுறதுக்கில்லை. மற்றதைக் கீழால அடிச்சுத் தூக்கி எறியிறதுக்கு."

அவள் சொன்னபடியே வயர் கொடுத்து, முன்னால் ஒரு பழைய அலுமினியச் சட்டியை வைத்து ஓட்டினோம். சட்டி குசினிக் கூரைக்குப் போய்விட்டது. ஓடு ஒன்று உடைந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ காலம். நான் ஏணி வைத்து ஏறிச் சட்டியை எடுத்தேன். கூரையில் நிற்கும்போதும் என் மனம் ஆறவில்லை. எறிவது ஒரு சண்டையா, கடிக்க வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் அவள் குளிக்கப் போனாள். மெசின் மேசையில் இருந்தது. அந்த உருளை மோட்டரிலிருந்து மூன்று வயர்கள் வரும். தோட்டத்து மூன்று பேஸ் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றினால் எந்த இரண்டு வயரையும் மாற்றிவிட்டால் சரி. கிழமைக்கு நாலு தரம் செய்கிற வேலை. என் கை அதைச் செய்துவிட்டது. கை என்று சொல்வதும் பொய்தான். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன்.

முற்றத்தில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்ட ஈரம். மூக்கை மண்ணில் வைத்தது, முருங்கையடியிலிருந்து கிணற்றுக் கட்டுவரை இரண்டு விரல் ஆழத்தில் ஒரு சால் பிடித்தது. எவ்வளவு நேர் தெரியுமா, கயிறு கட்டினாலும் அப்படி வராது. எனக்குக் கண் கலங்காத குறை. பிறகு காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு, சொன்னால் சண்டை வரும், நாளைக்கு வென்ற பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காலையில் மெசினைச் சோற்றுக் குக்கர் வந்த அட்டைப் பெட்டிக்குள் வைத்து பஸ் ஏறினோம். "பெட்டிக்குள்ள என்ன?" என்று நடத்துநர் கேட்டார். "சண்டை பிடிக்கிற மெசின்" என்றேன். "அப்ப மடியில வைச்சிருங்கோ, கீழ வைச்சால் ஆரையும் கடிச்சுப்போடும்" என்றுவிட்டு முன்னுக்குப் போனார். புளியங்குளம் தாண்டும்வரை அவள் கொப்பியில் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் யன்னலுக்கு வெளியே மாடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

மண்டபத்து மேசையில் ஒரு பிள்ளை படிவம் தந்தாள். மெசினின் பெயர் என்ற இடத்தில் மனைவி 'நுளம்பு' என்று போடச் சொன்னாள், கொசு அளவில் சின்னது என்று. அடுத்த வரி வடிவமைத்தவர். பேனை என் கையில் இருந்தது. என் பெயரை எழுதினேன். உதவியாளர் என்ற வரியில் அவள் பெயரை எழுதினேன். அவள் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கத் தொடங்கினாள். சத்தியமாக, அப்போது எனக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை.

எதிராளிகள் பல்கலைக்கழகப் பொடியன்கள் மூன்று பேர். அவர்களுடைய மெசின் குப்பை வாருகிற தட்டுப் போலத் தட்டையானது. மணி அடித்தது. நான் ரிமோட்டை முறுக்க, நுளம்பு நேரே போய் முட்டியது. முட்டியதும் அதன் பற்கள் எதிரியின் முதுகைப் பிடித்து ஏறின. ஏறி, அந்தப் பக்கம் குதித்து, மூக்குக் குப்புற விழுந்து, விழுந்த இடத்தில் உழத் தொடங்கிவிட்டது. பிளைவுட் தரை தும்புதும்பாகப் பறந்தது. ஒரு முழ நீளத்துக்குச் சால் பிடித்துப் போய், பல் புதைந்து நின்றது. எதிரி மெசின் கிட்டவும் வரவில்லை. மூலையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவர் பத்து எண்ணினார். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணை, விதைப்புக்கு ரெடி" என்றார். மண்டபமே சிரித்தது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் வடிவமைத்தவர் என்று என் பெயரைச் சொல்லி, தோல்வி என்றார்.

இரண்டு தரம் தோற்றால்தான் வெளியே. அடுத்த சுற்றுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அவள் வெளிப்படியில் போய் இருந்து கொப்பியை விரித்தாள். நான் இரண்டு சோடாவோடு போகும்போது அந்தப் படத்துக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, ஒரு கோடு கீறியிருந்தாள்.

"நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன். எல்லாம் மறந்துபோச்சுப்போல" என்றாள். "காணும். வாங்கோ, வீட்டை போவம். இனி உங்கட கடைக்கு நான் வரேல்லை."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்து அதன் வாயை இழுத்துப் பூட்டினாள்.

"உந்தப் பிளைவுட் சரியில்லை" என்று தொடங்கினேன். "அவங்கள் போட்ட மட்டமான பிளைவுட். பிறகு உந்த மோட்டரும்..."

"மோட்டருக்கென்ன?"

வாடிக்கையாளரைத் திட்டுகிற வாய், வயற்காரர் பத்துப் பேர் நிற்க ஓயாமல் கத்துகிற வாய், ஒரு சொல்லுக்கு எப்படித் தடக்கியது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

"வயர் ரெண்டை மாத்தினனான்."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம். நீர் குளிக்கப் போன நேரம்."

அவள் கைப்பையைத் திறந்து கொப்பியைத் திரும்ப எடுத்தாள். ஏச்சுக்கு நான் தயாராக நின்றேன்.

"அப்ப என்ர கணக்குச் சரி" என்றாள்.

"சரி."

"கேக்கேல்லை."

"உம்மட கணக்குச் சரி."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ. மாத்தினதுதான் சத்தமில்லாமல் மாத்தினனீங்கள்."

சொன்னேன். அந்தப் பொடியன்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். வயரை மாற்ற ஒரு நிமிசம்கூடப் பிடிக்கவில்லை. அவர்கள்தான் திருப்புளி தந்தார்கள், மனைவிதான் மாற்றினாள். என்னைத் தொடவிடவில்லை. மாற்றி முடித்துவிட்டுப் படிவம் இருந்த மேசையைக் கண்ணால் காட்டினாள்.

"தோத்ததுக்கு உங்கட பெயர் சரியாத்தான் இருந்தது. அடுத்ததுக்கு மாத்திப்போட்டு வாங்கோ."

மேசையிலிருந்த பிள்ளை, "ஏன் ஐயா, என்ன பிழை?" என்று கேட்டாள். "ரெண்டு பெயரும் மாறிப்போச்சு, என்ர பிழை" என்றேன். வாழ்க்கையில் அந்தச் சொல்லை அன்றுதான் முதல்தரம் சொன்னேன்.

இரண்டாவது சண்டையில் எதிரி வேறொரு மெசின், ரிமோட்டும் அவள் கையில். நுளம்பு எதிரியின் கீழே மூக்கை விட்டது. டொக் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. எதிரி மெசின் கண்ணாடிச் சுவரில் மோதி, சில்லுகள் மேலே பார்க்க விழுந்து சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒலிவாங்கியில் அவள் பெயர் வந்தது, வடிவமைத்தவர் என்று. அதற்குப் பிறகு என் பெயரும் வந்தது. நான் கை நோகத் தட்டினேன். மூன்றாவது சண்டையில் தோற்றோம், பற்றரி கழன்றுபோய். அது ஒழுங்கான தோல்வி. அவளுக்கே அதில் ஒரு சந்தோசம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் நித்திரையாகிவிட்டாள். கொப்பி மடியில் திறந்து கிடந்தது. அந்தக் குறுக்குக்கோட்டை அழித்திருந்தாள், தடம் மட்டும் தெரிந்தது. படத்துக்குக் கீழே அழகான கையெழுத்தில் புதிதாக இரண்டு வரி: 'மோட்டர் வயர் மூன்றையும் பசை போட்டு மூடவும். கணவரின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'

அவள் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை மெல்ல உருவினேன். பஸ் குலுங்கக் குலுங்க, அதற்குக் கீழே உதவியாளர் என்று எழுதி என் கையொப்பத்தை வைத்தேன்.