கொள்ளுக்கொடியும் சின்னக் காரும்

கார் ஓட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும். ரசம் வைப்பதில் கர்வப்படும் பெண்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் கிளட்ச் மிதிப்பதில் கர்வப்பட்டால் மட்டும் என்ன குறைந்துவிடும்? அறுபதுகளின் தொடக்கத்தில், விராலிமலைக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில், புடவை கட்டிய ஒருத்தி கார் ஓட்டிப் போனால் வயலில் குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களைத் திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை, எனக்குப் பார்க்க ரோடு இருந்தது.

கார் வாங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல. எங்கள் ஒரே மகளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. முழங்காலுக்கு மேல் வரை இரும்புப் பட்டை கட்டி, கனமான பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் இலுப்பூர் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். பஸ் படிக்கட்டோ அவள் இடுப்புயரம். கண்டக்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். பின்னால் நிற்கும் யாராவது அவளை அக்குளில் கை கொடுத்து மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே வைப்பார்கள். உதவிதான் செய்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் என் மகளின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

என் வீட்டுக்காரர் கடலை மண்டி வைத்திருந்தார். அந்த வருஷம் வியாபாரம் சுமாராக நடந்ததால் திருச்சியில் ஒருவரிடமிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு. நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் மூச்சுக்குக்கூட இடமில்லை. முதலில் அவர்தான் ஓட்டினார். ஹாரனில்தான் வண்டி ஓடுகிறது என்பது அவருடைய நம்பிக்கை. பின் சீட்டில் மகளோடு உட்கார்ந்துகொண்டு நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு வருவேன். எந்த மேட்டில் கியர் மாற்றத் தவறினார், எங்கே தேவையில்லாமல் பிரேக் போட்டார் என்று வீட்டுக்கு வந்ததும் சொல்வேன். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

கடலை வரத்துக் காலத்தில் அவரால் மண்டியை விட்டு நகர முடியவில்லை. டிரைவர் போடலாம் என்றார். மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "யாரோ ஒரு ஆளு என்னையத் தூக்கி உக்கார வைக்கிறதுன்னா, நான் பள்ளிக்கூடத்துக்கே போகலை" என்றாள். பிடிவாதத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள். அப்படியானால் நானே ஓட்டுகிறேன் என்றேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"கார்ல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கோட சரி. வண்டியும் நின்னுரும், புள்ள படிப்பும் நின்னுரும். இப்பவே சொல்லிப்புட்டேன்."

அது மிரட்டல் இல்லை, பயம். ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர். அதனால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்த ஒவ்வொரு நாளும் மகளுடைய படிப்பு என் கையில்தான் இருந்தது.

நான் ஓட்டிப் பழகியதும் லைசென்சுக்குத் திருச்சிக்குப் போனோம். சோதித்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரோட்டுல ஆட்டு மந்தை வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். நிறுத்துவேன் என்றேன். "எவ்வளவு நேரம்?" என்றார். மந்தை போகிற வரைக்கும் என்றேன். அதற்கப்புறம் ஓட்டிக் காட்டியதைவிட அந்தப் பதிலுக்குத்தான் அவர் கையெழுத்துப் போட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

சின்னக் காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பார்த்து யாரும் ஒதுங்க மாட்டார்கள். பஸ்ஸுக்கு வழிவிடும் மாட்டுவண்டி இதற்கு விடாது. லாரிக்காரனுக்கு இது கண்ணிலேயே படாது. ஆகவே நம்முடைய உயிரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் எடுக்கும் முன் குனிந்து அடியில் பார்ப்பேன், கோழியோ ஆட்டுக்குட்டியோ நிழலுக்குப் படுத்திருக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர், என்ஜினுக்கு ஆயில், டயரில் காற்று எல்லாம் பார்த்த பிறகுதான் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவேன். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கமாக மடக்கிப் பிடித்தால், என்ஜின் உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வேன். மாட்டுக்குப் பக்கத்தில் போய் ஹாரன் அடிக்க மாட்டேன், தூரத்திலேயே ஒரு முறை அடித்துவிட்டு வண்டிக்காரர் தலை தூக்குகிற வரை பின்னாலேயே போவேன். விராலிமலைப் பக்கம் மயில் ஒன்று ரோட்டைக் கடந்தால், பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று காத்திருப்பேன். மகள் பொறுமை இழந்து பெருமூச்சு விடுவாள். விடட்டும்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்துவிட்டாள். பரீட்சை புதுக்கோட்டையில். முதல் நாள் தமிழ். பத்து மணிக்கு ஆரம்பம், அரைமணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உள்ளே விட மாட்டார்கள். நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். மகள் முன் சீட்டில் மடியில் பையோடு செய்யுளை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

இலுப்பூர் தாண்டியதும் ரோட்டில் கொள்ளு கிடந்தது. அந்த ரோட்டுக்குத் தார் போட்டு அதிக நாள் ஆகவில்லை. வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு அது நோகாமல் கிடைத்த களம். பிடுங்கிய கொள்ளுச்செடியைக் கொடியோடு கொண்டுவந்து ரோடு முழுக்கப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போக, மணி தானாக உதிர்ந்துவிடும். பிறகு சக்கையை அள்ளிவிட்டு மணியைக் கூட்டிக்கொள்வார்கள். நம்மைப் பார்த்தால் "மேல ஏத்திப் போங்க" என்று கையைக் காட்டுவார்கள். நான் வழக்கமாக ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓரமாகப் போய்விடுவேன். அன்று இரண்டு ஓரத்திலும் அம்பாரம் குவித்து ஆட்கள் நின்றார்கள், வேறு வழியில்லை. மெதுவாக மேலே ஏற்றிப் போனேன். சற்றுத் தூரத்தில் இன்னொரு பரப்பு. அதைத் தாண்டினால் மூன்றாவது, முழங்கால் உயரத்துக்கு.

அதன் கடைசிப் பகுதிக்கு வந்தபோது மகள் செய்யுளை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ கொள்ளு வறுக்குறாங்கம்மா. வாசனையா இருக்கு."

அந்தப் பொட்டலில் அடுப்பு ஏது? காரின் அடிவயிறு தரையோடு தரையாக இருக்கும். கொடி சுற்றிக்கொண்டு, கொதிக்கும் சைலன்சரில் வறுபடுகிறது என்று புரிந்துவிட்டது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதிக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் இன்னும் கொள்ளு கிடந்தது. அதன்மேல் நின்றால் ஒரே மூச்சில் எல்லாம் பற்றிக்கொள்ளும், அவர்களுடைய வெள்ளாமை உட்பட. அப்படியே ஓட்டி வெறும் தார் தெரிந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை அணைத்தேன். சுற்றிக்கொண்டு ஓடி மகளைத் தூக்கினேன். இரும்போடு சேர்த்துப் பதினாறு வயதுப் பெண்ணை எப்படித் தூக்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தேன்.

"பை, என் பை" என்றாள். ஹால் டிக்கெட் அதற்குள் இருந்தது.

"இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். காருக்கு அடியில் மஞ்சளாக ஒரு நாக்கு தெரிந்தது.

கொள்ளுக்காரரும் அவர் வீட்டுப் பெண்கள் இருவரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் தண்ணீர்க்குடம். பெட்ரோலும் ஆயிலும் இருக்கிற இடத்தில் தண்ணீரை ஊற்றினால் தீயைப் பரப்பிவிடும்.

"தண்ணி வேணாம், மண்ணை அள்ளிப் போடுங்க" என்று கத்தினேன்.

ஓரத்துச் செம்மண்ணை நாலு பேரும் முறத்தாலும் கையாலும் அள்ளி எறிந்தோம். புகை சூழ்ந்தது. மெல்ல அந்த மஞ்சள் அடங்கியது. கொள்ளுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாங்க எப்பவும் இப்புடித்தாங்க போடுறது. பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆனதில்லையே" என்றார்.

"பஸ்ஸுக்கு வயிறு ஒசரத்துல இருக்கு. இதுக்குத் தரையில இருக்கு. அருவாளைக் குடுங்க."

காருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் கொடி கயிறு திரித்த மாதிரி இறுகிக் கிடந்தது. அரிந்து அரிந்து இழுத்தேன். சைலன்சர் பட்ட இடமெல்லாம் தோல் வெந்தது. மேலிருந்து கொள்ளுக்காரர் சொன்னார், "போதும்ங்க, தீதான் அணைஞ்சிருச்சுல்ல. புள்ளைக்கு நேரமாகுது, கெளம்புங்க."

மரத்தடியிலிருந்து மகளும் ஆரம்பித்தாள். முதலில் கெஞ்சினாள். பிறகு அழுதாள். பிறகு, "நீ வேணும்னேதான் மெதுவாப் பண்றே. ஒனக்கு ஒன் காருதான் பெருசு. நான் பாஸ் பண்ணா என்ன, பண்ணாட்டி என்ன" என்று கத்தினாள். ஒவ்வொரு சொல்லும் காருக்கு அடியில் எனக்குக் கேட்டது. வலித்தது. ஆனால் குழாய்க்கு மேலே, கை நுழையாத இடுக்கில், இன்னும் ஒரு பிடிச் சக்கை கனன்றுகொண்டிருந்தது. அதோடு கிளம்பினால் காற்றுப் பட்டு அடுத்த மேட்டுக்குள் மறுபடி பற்றும், அப்போது அவளைத் தூக்க நேரம் இருக்காது. அவள் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று விரலை விட்டுத் துழாவி, கடைசித் துரும்புவரை எடுத்தேன். பெட்ரோல் குழாய் கசிகிறதா என்று தடவிப் பார்த்தேன். பிரேக்கை இருமுறை அமுக்கிப் பார்த்தேன். பிறகுதான் அவளைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அன்னவாசல் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வேகமாகப் போக எனக்கும் ஆசைதான். கால் அமுக்கச் சொன்னது, நான் அமுக்கவில்லை. எப்போதும் போகிற வேகத்தில்தான் போனேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது மணி அடித்து வெகுநேரமாகி, வளாகமே அமைதியாக இருந்தது. மேற்பார்வை பார்த்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் கரியான முகத்தையும் பொத்தலான புடவையையும் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. உள்ள போம்மா" என்றார். இரும்புச் சத்தம் கேட்க அவள் தானாகவே நடந்து போனாள்.

நான் காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதுவரை எனக்குப் பயப்பட நேரமில்லை. அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

சாயங்காலம் எங்களுக்கு முன்னால் செய்தி ஊருக்குப் போய்விட்டது. கார் எரிந்துபோனதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மண்டியைப் பூட்டிவிட்டுத் தெருவிலேயே நின்றார். பக்கத்தில் என் கொழுந்தனார். அவர் முகத்தில் 'நான் அப்பவே சொன்னேன்' என்று எழுதி ஒட்டாத குறை. வீட்டுக்காரர் குனிந்து, கறுத்துக் கிடந்த அடிப்பாகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என் கையில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தார். நிபந்தனை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கெஞ்சுகிற ஆள் நானில்லை.

மகள்தான் பேசினாள். "ஒரு துரும்பு இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன்னுட்டாங்கப்பா. நான் என்னென்னமோ சொல்லித் திட்டுனேன். கேக்கவே இல்லை. இவங்க எடத்துல வேற யாரு இருந்திருந்தாலும் நான் சொன்னதைக் கேட்டுருப்பாங்க."

அவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். பிறகு அவளிடம், "நாளைக்கு என்ன பரீட்சை?" என்றார்.

"கணக்கு."

"அப்படின்னா இன்னுங் கொஞ்சம் முன்னாடியே கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க அவரே வாளியோடு போனார். கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

மறுநாள் காலையிலும் இலுப்பூர் தாண்டியதும் கொள்ளு கிடந்தது. ஆனால் ரோட்டின் பாதியில்தான். மறுபாதியை மூன்று பரப்பிலும் சுத்தமாகக் கூட்டி, தார் பளபளக்க விட்டிருந்தார்கள், சரியாக ஒரு சின்னக் கார் போகிற அகலத்துக்கு. மூன்றாவது பரப்பின் முனையில் நேற்றுக் குடத்தோடு ஓடிவந்தவள் நின்று, "இங்கிட்டு வாங்க, இங்கிட்டு" என்று கையைக் காட்டினாள். பரீட்சை முடிந்த நாள்வரை யாராவது ஒருவர் அங்கே நின்றார்கள்.

கண்ணீர் எனக்குக் கண்ணை மறைத்தது. என்றாலும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. மகள் கண்ணாடியை இறக்கி, உடம்பைத் திருப்பி, அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரை எங்கள் இரண்டு பேருக்குமாகக் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.