மாதிரிப் படுக்கையறையும் என் செருப்பும்

இன்று பூந்தமல்லி பக்கம் ஒரு பெரிய மரச்சாமான் கடைக்கு, பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் அலமாரி பார்க்கப் போனேன்.

கடைக்குள் ஒரு படுக்கையறையைக் கம்பளம் விரித்து அப்படியே அமைத்திருந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைந்தேன். என்னைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள்.

திரும்பி வந்தால் வாசலில் ஒரே ஒரு ஜோடி. என்னுடையது அல்ல.

கடைப் பெண் சொன்னாள்: "இது சும்மா காட்டறதுக்கு வெச்ச ரூமும்மா. யாரு உங்கள கழட்டச் சொன்னாங்க? பேசாம இதப் போட்டுகினு போங்க, புதுசாதான் கீது."

"அடுத்தவர் செருப்பில் நான் கால் வைப்பதில்லை" என்றேன்.

அலமாரி வாங்கவில்லை. அங்கேயே விற்ற குளியலறைச் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு பேருந்தில் வீடு வந்தேன்.

உண்மையைச் சொல்லுங்கள். நீங்களெல்லாம் அந்தப் படுக்கையறைக்குள் செருப்போடா போகிறீர்கள்?