முன் பெஞ்சில் என் மாமனார்

நான் நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அறுபதுகளில் கடலூரில் எங்கள் மாதா கோயிலில் போட்டிருந்த பெஞ்சு அத்தனையும் என் கை வேலை. தேக்கை அப்படி இழைக்க அன்றைக்கு வேறு ஆள் கிடையாது. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பெஞ்சுகளில் மேல்தெருக்காரர்கள் உட்காருவார்கள். எங்கள் சாதிக்குப் பக்கக் கூடம், வெறுந்தரை.

காலைப் பூசையோடு என் கல்யாணம். சிதம்பரத்திலிருந்து பெண் வீட்டார் முதல் பஸ்ஸில் வந்தார்கள். அவர்களும் எங்கள் சாதிதான். ஆனால் அவர்கள் ஊரில் சின்னக் கோயில், எல்லோருக்கும் ஒரே பாய். மாமனார் மகளை அழைத்துக்கொண்டு நேரே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேல்தெருக்காரர்கள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

சாமியாருக்கு எடுபிடியாக இருந்த கோயில்பிள்ளை ஓடிவந்தார். "பெரியவரே, ஒங்க எடம் அந்தப் பக்கம்."

"ஏன், இது ஆடுதா?" என்றார் மாமனார்.

"நீங்க ஒக்காருங்க மாமா. நான் செஞ்ச பெஞ்சு" என்றேன்.

"பாடை கட்டுறவன் அதுல ஏறிப் படுத்துக்குறானா?" என்று வாசலில் ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் மாமனார் பக்கக் கூடத்தில் தரையில் இருந்த என் அம்மாவைக் கவனித்தார். முகம் சுண்டிவிட்டது. "எம் பொண்ணும் இனிமே அங்கதான் ஒக்காரணுமா மாப்ள? ஏன் சொல்லல?"

கேட்காததை நான் ஏன் சொல்வது? அவர் மகளின் கையைப் பிடித்தார். "எழுந்திரும்மா. அடுத்த பஸ்ஸுக்குப் போயிடலாம்."

அவள் எழவில்லை. என்னையே பார்த்தாள்.

சாமியார் பூசை உடுப்போடு வந்து நின்றார். "அவுங்கவுங்க எடத்துக்குப் போனாத்தான் பூசை."

"அப்ப நாங்க சிதம்பரம் போறோம் சாமி. அங்க கட்டிக்குறேன் தாலிய. ஏன்னு கேக்குறவங்களுக்குப் பதிலும் சொல்லிக்குறேன்" என்றேன்.

குரல் கணீரென்று வந்தது. சாமியார் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூசையைத் தொடங்கப் பீடத்துக்குத் திரும்பினார். வாசலில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அம்மாவைக் கூப்பிடப் போனேன். "நீ போய்த் தாலியக் கட்டு. நாளைக்கி இவுங்க வயல்லதான் நான் களை எடுக்கணும்" என்றாள். கடைசிவரை வரவில்லை. நான் தாலி கட்டும்போது தூணுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு என் மனைவி யாரையும் கேட்காமல் முன் பெஞ்சுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவ்வளவு நீளப் பெஞ்சில் நாங்கள் இரண்டே பேர். அம்மா தரையில்.