வாயை மூடிக்கொண்ட பெட்டி

போன மாதம் படூரில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். ஆண்டெனா ஆராய்ச்சிக்கு என்னைத் தூண்டிய ஆசிரியர் யார் என்று ஒரு மாணவி கேட்டாள். நாற்பத்தொரு ஆய்வுக் கட்டுரை எழுதியவன் மேடையில் கோபப்படக் கூடாதென்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஆசிரியருமில்லை, ஒரு மண்ணுமில்லை. என்னைத் தூண்டியது என் தாய்மாமன் செய்த அக்கிரமம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. நாலு பேட்டரி போட வேண்டும். சாயங்காலமானால் இலங்கையிலிருந்து வரும் பாட்டு கேட்போம். ஒருநாள் அது முனகிவிட்டு அணைந்துபோனது. போட்டு ஒரு வாரம்கூட ஆகாத பேட்டரி. பகலில் யாரோ திருட்டுத்தனமாகப் பாட விட்டிருக்கிறார்கள். அண்ணன், தங்கை, நான் மூவருமே இல்லையென்றோம். யாரென்று தெரிந்தால் அந்த ஆள் இனிமேல் பெட்டியைத் தொடக் கூடாது என்றார் அப்பா. அந்தப் பெட்டியைத் தொடாமல் எனக்குப் பொழுது போகாது.

கூட இருந்த மாமா புது பேட்டரி போட்டுப் பாட்டை வைத்தார்.

"பொய் சொல்றவன் மூஞ்சிய பாத்தா பெட்டி வாய மூடிக்கும். பாத்துகினே இரு."

தெற்கே உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு நேராகப் பெட்டியின் முகத்தைத் திருப்பினார். பாடியது. வடக்கே இருந்த தங்கைக்கும் பாடியது. கிழக்கே, கடல் பக்கம் இருந்த என்னிடம் திருப்பினார். பாட்டு தேய்ந்து வெறும் இரைச்சல் மிஞ்சியது.

"இன்னாடா, பெட்டியே சொல்லிச்சி பாத்தியா?"

"நான் தொடவே இல்ல மாமா. நீ குந்து, ஒன்னையும் பாக்கட்டும்."

"நானா? தோ, குந்திக்கினேன்." அண்ணனை நகர்த்திவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கணீரென்று பாடியது. "வாய் மட்டும் கீது மருமவனுக்கு, கட்டுமரம் நீளத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்து, இனி என் கை அதில் படக் கூடாது என்றார். ஒரு வருஷம் படவில்லை. அடுத்த வாரமே நடுப்பகலில், சவுக்குத் தோப்பில் சீட்டாடிக்கொண்டிருந்த மாமாவின் மடியில் அதே பெட்டி பாடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் நீளவாக்கில் கிடக்கும் கறுப்புக் கம்பிதான் அதன் ஆண்டெனா. கம்பியின் முனை வானொலி நிலையத்தை நோக்கிவிட்டால் அதற்குக் காது கேட்காது. இலங்கை எங்களுக்கு நேர் தெற்கு; பெட்டியின் முகம் கிழக்கே திரும்பினால் கம்பியின் முனை தெற்கே பார்க்கும். கடல் பக்கம் ஒரு கைக்குழந்தையை உட்காரவைத்திருந்தாலும் பெட்டி ஊமையாகத்தான் போயிருக்கும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரைந்தேன்.

அன்று எனக்குக் கோபமெல்லாம் பெட்டியின் மேல்தான். அது பொய் சொல்லிவிட்டதாக நினைத்தேன். தினமும் அதை இப்படியும் அப்படியும் திருப்பி இலங்கையைப் பிடிப்பவர் அப்பா. எந்தப் பக்கம் திருப்பினால் அது ஊமையாகும் என்று அவருக்குத் தெரியாதா? விடிந்தால் அவர் மாமாவின் படகில்தான் கடலுக்குப் போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த வயதில் எனக்கு வரவில்லை.